எழுதுகோலுக்குத் துணை நின்ற கத்தி

உ.வே. சாமிநாதையர் ஓலைச்சுவடிக் காலத்து எழுதுகருவிகளை விவரித்திருக்கிறார். எழுத்தாணிகளில் அவர் குறிப்பிடும் வகைகள் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி. குண்டெழுத்தாணியின் தலையில் கனத்த கொண்டை மட்டும் இருக்கும். வாரெழுத்தாணியில் அந்தக் கொண்டையின் இடத்தில் ஒரு சிறு கத்தி. மடக்கெழுத்தாணி மரத்திலோ தந்தத்திலோ மாட்டுக்கொம்பிலோ செய்த பிடிக்குள் மடங்கி அடங்கும். ஒருபுறம் எழுத்தாணியும் மறுபுறம் கத்தியுமாக அமைந்தவையும் உண்டு. எழுத்தின் வரலாற்றில் இதை ஓரக்குறிப்பாகக் கடந்துவிடுகிறோம். கத்தியின் வரலாற்றுக்கு இது முதன்மையான சான்று. குட்டையான அலகு, மடக்கினால் மடியில் செருகிக்கொள்ளும் அளவு, போருக்கும் வேட்டைக்கும் தொடர்பில்லாத ஒருவரின் உடைமை என்று இன்றைய சட்டைப்பைக் கத்தியின் இயல்புகள் எல்லாம் இந்த ஒரு கருவியில் கூடியிருக்கின்றன. மிகச் சிறிய கத்தி படித்தவர்களின் அன்றாடத்துக்குள் நுழைந்தது எழுத்தின் கையைப் பிடித்துக்கொண்டுதான். எழுத்து அதை விட்டு விலகியபோது அதற்கிருந்த மதிப்பும் விலகியது. பயன் தீர்ந்ததால் அது மறைந்தது என்று சொல்வதற்கு வரலாறு இடம் தரவில்லை.

பனையோலை மரத்திலிருந்து இறங்கும்போது எழுதத் தகுந்த நிலையில் இருப்பதில்லை. ஈர்க்கை நீக்கி, ஓரங்களை வாரி, எல்லா ஏடுகளும் ஒரே நீளமும் அகலமும் பெறும்படி நறுக்க வேண்டும். ஓர் ஏடு சற்றே அகலம் கூடிவிட்டாலும் சுவடிக் கட்டு சீராக அமையாது. துருத்தி நிற்கும் ஓரம் முதலில் ஒடியும், ஒடியும் இடத்தில் எழுத்தும் போகும். அரிவாள் இந்த வேலைக்கு உதவாது. பெரிய அலகை ஓலையின் நார் தன் போக்கில் இழுத்துக்கொண்டு போய்விடும். விரல்நுனிக்கு மிக அருகில், எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைக் கையே உணரும் தூரத்தில், கூர்மையான குட்டை அலகு வேண்டும். எழுதுபவர் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பவரும் இல்லை. ஊர்க்கணக்கு எழுதுபவர் களத்துமேட்டுக்குப் போவார், சுவடி பெயர்த்தெழுதும் புலவர் மடத்துக்கு மடம் போவார். ஆகவே கத்தி சிறியதாகவும், கூடவே வரக்கூடியதாகவும், மடியிலிருக்கையில் உடலைக் குத்தாததாகவும் இருக்க வேண்டியிருந்தது. மடக்கு அமைப்பு இந்தத் தேவைக்கு ஏற்ற விடை. இலங்கையிலும் கேரளத்திலும் பித்தளையும் வெள்ளியும் இழைத்துச் செய்த எழுத்தாணிகள் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஒரு கருவியை அப்படி அழகுபடுத்துவது அதை நாலு பேர் பார்க்கக் கையில் வைத்திருப்பதில் பெருமை கொண்ட சமூகத்தில்தான் நடக்கும்.

ஐரோப்பாவில் எழுதுபொருள் வேறு, தேவை ஒன்றே. 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் கான்டர்பரி மடத்தில் உருவான ஒரு சங்கீத நூலில் எட்வின் என்ற எழுத்தரின் முழுப்பக்க ஓவியம் இருக்கிறது. அந்த ஏடு இப்போது கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் உள்ளது. எட்வினின் ஒரு கையில் இறகுப்பேனா, மறுகையில் கத்தி. அந்தக் காலத்து எழுத்தர்களின் படங்களில் இந்த இணை மீண்டும் மீண்டும் வருகிறது. பதப்படுத்திய விலங்குத்தோல் சுருண்டு எழும்பும். அதைக் கத்திமுனையால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் எழுதினார்கள். பிழை நேர்ந்தால் மை காய்ந்தபின் அதே கத்தியால் சுரண்டினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இறகு தேயும். வாத்தின் சிறகிலிருந்து எடுத்த இறகுத்தண்டைச் சூட்டில் இறுக்கி, சாய்வாக ஒரு வெட்டு, நடுவில் ஒரு பிளவு, இருபுறமும் உட்குழிந்த வெட்டு, கடைசியில் நுனியில் ஒரு நேர்வெட்டு என்று சீவி எடுத்தால்தான் அது பேனா. சில பக்கங்கள் ஓடியதும் நுனி மழுங்கி எழுத்து தடித்துவிடும். மறுபடி சீவ வேண்டும். கத்தி இல்லாத எழுத்தர் அரைநாள்கூட வேலை பார்த்திருக்க முடியாது. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்குப் பேனா சீவித் தருவது ஆசிரியரின் அன்றாடக் கடமைகளில் ஒன்றாக இருந்தது. அச்சு வந்தபின் எழுதுவது குறைந்துவிடவில்லை. வணிகமும் அரசு அலுவலகங்களும் கடிதப் போக்குவரத்தும் பெருகப் பெருக, பேனாவும் கத்தியும் மடங்களை விட்டு வணிகரின் பைக்கும் மாணவரின் பைக்கும் வந்தன.

அந்தப் பைக்குள் அடங்கும் கத்தியை ஆயிரக்கணக்கில் செய்து கொடுத்த ஊர்களில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு முதன்மையானது. ஆங்கிலக் கவிஞர் சாசரின் 14ஆம் நூற்றாண்டுக் கதையில் வரும் மாவு ஆலைக்காரனே ஷெஃபீல்டு கத்தியைக் காலுறைக்குள் செருகியிருக்கிறான். அவன் சண்டைக்காரன், அதற்கென்று இடுப்பில் வேறு வாள் வைத்திருக்கிறான். ஆயுதத்தையும் கருவியையும் ஒரே ஆள் தனித்தனியே சுமப்பதை அந்த வருணனை காட்டுகிறது. 1624இல் ஷெஃபீல்டு வட்டாரத்துக் கத்திக் கொல்லர்களின் சங்கம் பாராளுமன்றச் சட்டத்தால் அமைந்தது. அந்த நூற்றாண்டிலேயே பிடியின் முதுகில் வில் வைத்த மடக்குக்கத்தி அங்கே பரவியது. ரோமானியர் காலத்திலும் மடக்குக்கத்திகள் உண்டு, ஆனால் அலகைத் திறந்த நிலையில் நிறுத்தும் வில் அவற்றில் இல்லை. வில் வந்தபின்தான் இரண்டு அங்குல அலகைக் கொண்டு நம்பிக்கையோடு இறகு சீவ முடிந்தது. அலகு தற்செயலாகத் திறந்துகொள்ளாதபடியும் வில் பார்த்துக்கொண்டது. அலகைத் திறக்க அதன் மேல்விளிம்பில் நகம் மாட்டும் சிறு பள்ளம் மட்டுமே. இரு கைகளும் வேண்டும், கொஞ்சம் பொறுமையும் வேண்டும். குத்துவதற்கு இந்த அமைப்பு ஏற்றதில்லை. பூட்டு இல்லாததால் அலகு மடங்கிக் குத்துபவரின் விரலையே வெட்டும்.

இவ்வளவு சிறிய அலகு நல்ல உருக்கைக் கேட்கும். பெரிய கத்தியில் எடையும் வீச்சும் பாதி வேலையைச் செய்துவிடும்; பேனாக்கத்தியில் எல்லாம் விளிம்பின் பொறுப்பு. 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர் ஷெஃபீல்டுக்கு அருகே மூசையில் உருக்கை உருக்கி வார்க்கும் முறையைக் கண்டார். அவர் தேடியது கடிகார வில்லுக்குத் தகுந்த சீரான உருக்கு, பலன் கத்திக் கொல்லர்களுக்கும் கிடைத்தது. மூசை உருக்கு தென்னிந்தியாவில் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே செய்யப்பட்டு வந்தது. பம்பாயிலிருந்த ஹெலனஸ் ஸ்காட் என்ற மருத்துவர் அந்த இந்திய உருக்கின் கட்டிகளை லண்டனுக்கு அனுப்ப, 1795இல் ஜார்ஜ் பியர்சன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் அதைப் பற்றி விரிவாக எழுதினார். சோதனைக்காக ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்திக் கொல்லரிடம் ஒரு துண்டு போனது. அதைக்கொண்டு அவர் அடித்தது ஒரு பேனாக்கத்தி. அதன் விளிம்பு சிறந்த உருக்குக் கத்திக்கு ஈடாக இருந்ததாகப் பியர்சன் பதிந்திருக்கிறார். புதிய உருக்கின் தரத்தை அளக்க வாளும் கோடரியும் அடித்துப் பார்க்கவில்லை, எழுத்தரின் மேசைக் கத்தியை அடித்துப் பார்த்தார்கள். அந்த நூற்றாண்டின் அறிவாளர்களுக்குக் கூர்மை என்றால் நினைவுக்கு வந்தது எது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியவில்லை. ஸ்டோடார்ட் பின்னர் மைக்கேல் ஃபாரடேயோடு சேர்ந்து உருக்குக் கலவைகளை ஆராய்ந்தார்.

எழுத்துக்காகப் பைக்குள் வந்த கத்தி எழுத்தோடு நின்றுவிடவில்லை. கடிதத்தின் முத்திரை அரக்கைத் தூக்கியது, கட்டின் நூலை அறுத்தது, பழத்தோலைச் சீவியது, விரலில் ஏறிய சிராயை எடுத்தது, நகத்தைத் திருத்தியது, புகைக்குழாயைச் சுரண்டியது. இந்த வேலைகள் ஒவ்வொன்றும் மிகச் சிறியவை. எதற்காகவும் யாரும் தனியே ஒரு கத்தியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு அலைந்திருக்க மாட்டார்கள். எழுத்து என்ற தவிர்க்க முடியாத காரணம் அதைப் பையில் வைத்தது, மற்ற வேலைகள் அதன் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டன. சிறு கத்தியின் பயனைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்தச் சில்லறை வேலைகளை அடுக்கிக் காட்டுகிறார்கள். அந்தப் பட்டியல் உண்மையானதுதான், ஆனால் அது மட்டும் ஒரு பழக்கத்தை நூற்றாண்டுக் கணக்கில் தாங்கியிருக்காது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. உழவர்களும் இடையர்களும் மாலுமிகளும் எழுத்தறியாமலே இடுப்பில் கத்தி வைத்திருந்தார்களே, சட்டைப்பைக் கத்தியின் தாய்வீடு வயல்தானே என்று கேட்கலாம். கத்திக்கு வயல் தாய்வீடு என்பதை ஒப்புக்கொள்கிறேன். மிகச் சிறிய கத்திக்கு அது பொருந்தாது. பிரான்சின் ஆல்ப்ஸ் மலைப்பகுதியான சவோயில் 1890இல் ஜோசப் ஒப்பினெல் செய்யத் தொடங்கிய மரப்பிடி மடக்குக்கத்தி உழவரின் கத்தி என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அது 1 முதல் 12 வரை எண்ணிட்ட அளவுகளில் வந்தது. எண் 1இன் அலகு இரண்டு சென்டிமீட்டர்தான், சங்கிலியில் மாட்ட வளையமும் அதற்கு இருந்தது. 1930களில் அந்த அளவையே நிறுத்திவிட்டார்கள். அந்தக் கத்தியின் அடையாளமாகவே ஆகிவிட்ட எண் 8இன் அலகு எட்டரை சென்டிமீட்டர். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் அறுக்கவும் கொடியைக் கழிக்கவும் உழவருக்கு அந்த நீளம் வேண்டும். சுவிஸ் படைக்கு 1891இல் தந்த கத்தியும் இப்படித்தான்: ஒரு பெரிய அலகு, துளையூசி, டப்பா திறப்பான், துப்பாக்கியைக் கழற்ற ஒரு திருப்புளி. சுவிஸ் கத்திக் கொல்லர் கார்ல் எல்சனர் 1897இல் அதிகாரிகளுக்கென்று வடிவமைத்த கத்தியில்தான் கார்க் திருகியோடு இரண்டாவதாகச் சிறு அலகு சேர்ந்தது. பென்சில் சீவவும் தாளில் மையைச் சுரண்டவும் தோதான அளவு அது. ஒட்டுக்கட்டும் தோட்டக்காரரின் கத்தி போன்ற விதிவிலக்குகள் உண்டு, அவை தொழிலோடு நின்றன. பள்ளிப் பிள்ளை, குமாஸ்தா, நீதிபதி, கடிதம் எழுதும் குடும்பப் பெண் என்று தொழில் வேறுபாடு இல்லாமல் சிறு கத்தி பரவியது எழுதுகோலின் வழியில்தான்.

எழுத்துக்கும் கத்திக்கும் இருந்த உறவு ஒரே நாளில் முறியவில்லை. 1820களிலிருந்து பர்மிங்காமில் ஜோசப் ஜிலட், ஜோசையா மேசன் போன்றோர் இயந்திரத்தில் உருக்கு நிப்புகளைச் செய்து குவித்தார்கள். அந்த நூற்றாண்டின் நடுப்பகுதி தாண்டியதும் இறகு வழக்கொழிந்தது. நம் நாட்டில் தாளும் அச்சுப் புத்தகமும் ஓலையை ஒதுக்கின, எழுத்தாணியோடு அதன் கத்தியும் பெட்டிக்குள் போனது. ஆனாலும் பென்சில் இருந்தது. பென்சில் சீவும் கருவிக்குப் பிரான்சில் பெர்னார் லாசிமோன் 1828லேயே காப்புரிமை பெற்றுவிட்டார். அதன்பிறகும் நூறாண்டுக்கு மேல் உலகெங்கும் கோடிக்கணக்கான பென்சில்களைக் கத்திதான் சீவியது. தட்டையான பென்சில் வைத்திருக்கும் தச்சர்களும், நீண்ட முனை வேண்டும் ஓவியர்களும் இன்றும் கத்தியைத்தான் எடுக்கிறார்கள். புதிய கருவி வந்ததுமே பழையது பயனற்றுப் போகிறது என்ற எண்ணத்தை இந்த நூறாண்டு இடைவெளி மறுக்கிறது.

அந்த இடைவெளியில் பென்சிலுக்கும் கத்திக்கும் இருந்த நெருக்கத்தை ஜப்பானில் தெளிவாகக் காணலாம். ஹ்யோகோ மாகாணத்தின் மிகி நகரத்துக் கொல்லர்கள் 1890களில் ஹிகோனோகாமி என்ற மடக்குக்கத்தியைச் செய்யத் தொடங்கினார்கள். மடித்த தகட்டாலான பிடி, ஒரு தறையாணி, அலகின் அடியில் கட்டைவிரலால் அழுத்தும் சிறு நெம்பு; வில்கூடக் கிடையாது. விலை மிகக் குறைவு. 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் பிறந்த ஜப்பானியக் குழந்தைகள் பென்சில் சீவியதும் மூங்கிலில் விளையாட்டுப் பொருள் செய்ததும் இதைக்கொண்டுதான். 1960 அக்டோபர் 12 அன்று டோக்கியோவின் ஹிபியா அரங்கில் சோஷலிஸ்டுத் தலைவர் இனேஜிரோ அசனுமா மேடையிலேயே 17 வயது இளைஞனால் குத்திக் கொல்லப்பட்டார். நாடே அதிர்ந்தது. குழந்தைகள் கையில் கத்தி கூடாது என்ற இயக்கம் வேகம் பெற்றது, பள்ளிகளில் பென்சில் சீவும் இயந்திரம் கத்தியின் இடத்தைப் பிடித்தது, மிகியின் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. அசனுமாவைக் கொன்றது குட்டைவாள். பென்சில் சீவும் கத்திக்கும் அதற்கும் தொடர்பில்லை. வாள் செய்த கொலைக்குப் பேனாக்கத்தி தண்டனை பெற்றது. பென்சிலுக்கு இயந்திரம் வந்துவிட்டதால்தான் அந்தத் தண்டனை அவ்வளவு எளிதில் நிறைவேறியது. 1890களில் ஒருவர் இப்படிக் கோரியிருந்தால், பிறகு எதைக்கொண்டு எழுதுவது என்று ஆசிரியர்களே கேட்டிருப்பார்கள். நாகானோ மாகாணத்தின் இகேதா ஊரில் ஒரு தொடக்கப்பள்ளி 1980களிலிருந்து முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஹிகோனோகாமி கொடுத்து அதைக்கொண்டே பென்சில் சீவப் பழக்கிவருகிறது. நாடு முழுவதும் எதிர்த்திசையில் போனபோது ஒரு சிற்றூர்ப் பள்ளி இப்படி நின்றது எனக்குப் பெரிதாகவே படுகிறது.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நடந்ததையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். இங்கே கத்திக்கும் சீவும் கருவிக்கும் இடையில் சில தலைமுறைகள் சவர பிளேடைப் பயன்படுத்தின. பெட்டிக்கடையில் வாங்கிய பிளேடை நடுவில் ஒடித்து, பாதியை வடிவியல் பெட்டியில் வைத்துக்கொள்வது ஊரறிந்த வழக்கம். பிடி இல்லை, மடங்காது, உறையும் கிடையாது. முகச்சவரத்துக்கென்று செய்த கூர்மை பிஞ்சு விரல்களுக்கு இடையில் இருந்தது. பேனாக்கத்தி ஆபத்து என்ற எண்ணம் வேரூன்றிய வீட்டில்கூட இதை யாரும் ஆபத்தாகக் கருதவில்லை. வெட்டும் தேவை போகவில்லை, வெட்டுவதற்கென்று பொறுப்போடு வடிவமைத்த கருவிதான் போனது. இப்போது பிளாஸ்டிக் உறைக்குள் சறுக்கும் அட்டைக்கத்தி அந்த இடத்தில் இருக்கிறது. அவ்வப்போது முனை ஒடிந்து விழும் அந்த மெல்லிய தகட்டைவிட, தடித்த முதுகும் வில்லும் கொண்ட இரண்டு அங்குலக் கத்தி எல்லா வகையிலும் பாதுகாப்பானது.

பாதுகாப்பைப் பற்றிய கவலையை லேசாக ஒதுக்க முடியாது. 2001 செப்டம்பர் 11 அன்று விமானங்களைக் கடத்தியவர்களிடம் இருந்தவை குட்டை அலகுகள்தாம். அன்றைய அமெரிக்க விதி நான்கு அங்குலத்துக்குக் குறைந்த கத்தியை விமானத்தில் அனுமதித்திருந்தது. சிறியது என்பதாலேயே தீங்கற்றது என்று அதன்பின் யாராலும் வாதாட முடியாது. 2013 மார்ச்சில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் ஆறு சென்டிமீட்டர் வரையிலான, பூட்டில்லாத கத்திகளை மீண்டும் அனுமதிக்கப்போவதாக அறிவித்தது. விமானப் பணியாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், ஜூனில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அவர்கள் எதிர்ப்பு நியாயமானது. வெளியேற வழியில்லாத உலோகக் கூட்டுக்குள் வேலை செய்பவர்கள் எந்த அலகையும் ஏற்க வேண்டியதில்லை. சிக்கல், விமானத்தின் விதியை அலுவலக மேசைக்கும் தையல் கூடைக்கும் கொண்டுவந்துவிடுவதில் இருக்கிறது. கத்திக்குத்துக் குற்றங்களால் நெடுநாளாக அல்லலுறும் பிரிட்டன் இதில் நிதானம் காட்டுகிறது. அங்கே 1988ஆம் ஆண்டுச் சட்டம் தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. ஆனால் மூன்று அங்குலத்துக்கு மேற்படாத வெட்டுவிளிம்புள்ள மடக்குக்கத்திக்கு விலக்கு அளித்தது. அலகு திறந்து பூட்டிக்கொள்ளுமானால் அந்த விலக்கு செல்லாது என்று 1993இல் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஷெஃபீல்டு கொல்லர்கள் இறகு சீவுவதற்காக வகுத்த அதே அளவும் அமைப்பும்தான் இன்று அந்தச் சட்டம் ஏற்கும் அளவும் அமைப்பும்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கருவி வீட்டில் இருக்கும்போது பொதுக்கத்தி எதற்கு என்பது எஞ்சியிருக்கும் கேள்வி. கத்தரி, உறை திறப்பான், நகவெட்டி, சீவும் கருவி என்று எல்லாம் வீட்டில் உண்டு. அவற்றின் அருகில் இருக்கும்வரை கத்தி தேவையில்லை என்பது சரியே. ஆனால் பேருந்து நிலையத்தில் கட்டின் சணலை அறுக்க வேண்டியிருக்கும்போதும், ஆஸ்பத்திரி வராந்தாவில் மருந்துப் பட்டையைப் பிரிக்க வேண்டியிருக்கும்போதும், வெளியூரில் தைத்த முள்ளை எடுக்க வேண்டியிருக்கும்போதும் அந்தக் கருவிகள் வீட்டில்தான் இருக்கின்றன. அப்போது மனிதர்கள் பல்லையும் சாவியையும் நகத்தையும் நாடுகிறார்கள். மடித்தால் 58 மில்லிமீட்டர் நீளமே உள்ள சுவிஸ் கத்தி ஒன்றில் சிறு அலகு, கத்தரி, நக அரம், இடுக்கி, பல்குத்தி ஆகியவை அடங்கியிருக்கின்றன. கணக்கெழுத வயலுக்குப் போனவர் ஓலை வாரும் அலகையும் எழுத்தாணியையும் ஒரே கொம்புப் பிடிக்குள் மடக்கி எடுத்துப் போனதற்கும் இதற்கும் இருந்த காரணம் ஒன்றுதான்: வேலை எங்கே வரும் என்று முன்கூட்டித் தெரியாது. எழுத்து அந்தக் கத்தியை எல்லாருடைய பையிலும் வைத்தது, எப்படித் திறப்பது, எப்படிப் பிடிப்பது, எப்படித் தீட்டுவது என்பதைப் பள்ளி வயதிலேயே கைக்குக் கற்றும் கொடுத்தது. அந்தப் பயிற்சி நின்றுபோன பிறகு வளர்ந்தவர்களுக்குக் கத்தி அச்சத்தின் வழியாக மட்டுமே பழக்கமாகியிருக்கிறது.